பழைய ஆல்பம், புது டிக்கெட்: வாங்கும் முன் என்ன பார்ப்பது?

கேள்வி: லண்டனில் ஓர் எலக்ட்ரானிக் இசைக்குழு, தன் புகழ்பெற்ற ஆல்பத்தின் 25ஆம் ஆண்டுக்காகக் கச்சேரி நடத்துகிறது. டிக்கெட் 80 பவுண்டு. ஆல்பமோ முக்கால் மணி நேரம்கூட ஓடாது. கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதில்: ஆல்பத்தை மட்டும் வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்குகிறவர்கள் குறைவு. பிரான்சின் ஏர் குழு 1998இல் வந்த ‘மூன் சஃபாரி’யை 2024இல் மேடையேற்றியபோது, பத்துப் பாட்டையும் இசைத்தட்டின் வரிசையிலேயே முடித்துவிட்டு மற்ற ஆல்பங்களுக்குப் போனது. இதில் ஒரு சிக்கல். வழக்கமான கச்சேரியில் ஹிட் பாட்டைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். இங்கே ‘செக்ஸி பாய்’ இரண்டாவது. பை சோதிக்கும் வரிசையில் கால் மணி நேரம் தாமதித்தால் அது முடிந்துவிடும். கதவு திறக்கும் நேரத்தை விட்டுவிட்டு, குழு மேடையேறும் நேரத்தை அரங்கின் தளத்தில் பாருங்கள்.

எல்லோரும் தட்டு வரிசையில் போவதில்லை. ‘மெஸனைன்’ ஆல்பத்துக்காக 2019இல் கிளம்பிய பிரிட்டனின் மாசிவ் அட்டாக் குழு, அந்த ஆல்பத்தில் சாம்பிள் எடுத்த (ஒலித்துண்டு வெட்டிச் சேர்த்த) பிறரின் பழைய பாடல்களையும் இடையிடையே வாசித்தது. ரசனையான ஏற்பாடுதான், ஆனால் தட்டில் கேட்டதை அப்படியே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். விளம்பரத்தில் ‘ஆல்பம் முழுவதும்’ என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுப்பயணம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், முந்தைய ஊர்களின் பாடல் பட்டியல் செட்லிஸ்ட் எஃப்எம் தளத்தில் கிடைக்கும்.

பாடகர் யார் என்பதையும் விசாரியுங்கள். இவ்வகை ஆல்பங்களில் குரல் பெரும்பாலும் விருந்தினருடையது. ‘மூன் சஃபாரி’யில் பெத் ஹிர்ஷ் இரண்டு பாட்டுப் பாடியிருக்கிறார். மாசிவ் அட்டாக், ‘மெஸனைனி’ல் பாடிய எலிசபெத் ஃப்ரேசரையே உடன் அழைத்து வந்தது. போஸ்டரில் பெயர் இல்லையென்றால், பதிவுசெய்த குரல்தான் ஒலிக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: எந்த இடம் நல்லது?

பதில்: ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாக அமைப்பது அங்கேதான். மேடையை ஒட்டி நின்றால் பேஸ் மட்டும் நெஞ்சில் இடிக்கும், சின்தசைசரின் நுணுக்கம் கேட்காது. திரையும் ஒளியும் பாதிக் காட்சி என்பதால் பக்கவாட்டு இருக்கை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சத்தத்திலிருந்து காதைக் காக்க அடைப்பான் போடுவதானால், பஞ்சு வகை மேல் ஸ்தாயியை விழுங்கிவிடும். இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் வகையை வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். போக முடியாவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: திரும்பாது. ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் பிரிட்டிஷ் உரிமை, தேதி குறித்த நிகழ்ச்சிக்குப் பொருந்தாது. கச்சேரியே ரத்தானால் டிக்கெட்டில் அச்சிட்ட விலை கிடைக்கும். சேவைக் கட்டணம் திரும்புமா என்பது விற்பவரின் விதியைப் பொறுத்தது. கிரெடிட் கார்டில் வாங்கியவருக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு துணை உண்டு (விற்றவர் பணம் தராவிட்டால் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம்), ஆனால் ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்ட வேண்டும். உங்கள் இரண்டும் சேர்ந்து 160 ஆனாலும் தனித்தனியே 80தான், எனவே அது உதவாது. வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது கார்டில் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கேட்கலாம்.

விற்பதானால் ட்விக்கெட்ஸ் போல, வாங்கிய விலைக்கே விற்கவிடும் தளத்தில் போடுங்கள். நீங்கள் வேறொருவரிடம் வாங்குவதானால், அவர் பார்கோடின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் பணம் கொடுக்காதீர்கள்: சில செயலிகளில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும், படம் வாசலில் செல்லாது.