பின்பக்க கன்ட்ரோல் ஆர்ம் புஷ்: ஏற்காடு ஏறும்போது முனகல்

பின்சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கைதான் கன்ட்ரோல் ஆர்ம்; அதன் முனையில் உள்ள, ரப்பரும் இரும்புக் குழாயும் சேர்ந்த உருளைதான் புஷ். அந்தப் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை, வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களில் இறங்கிய பிறகே கொடுக்க வேண்டும். புதிய புஷ் போட்டும் ஏற்காடு ஏறும்போது முனகுகிறது என்றால், வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருக்கலாம்.

போல்ட் இறுகியதும் புஷ்ஷின் உள் இரும்புக் குழாய் அசையாது. ஆர்மின் அசைவு முழுவதையும் ரப்பர்தான் முறுகித் தாங்குகிறது. தொங்கவிட்டு இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே அது பிழிந்த துணிபோல் முறுகி நிற்கும். அதன்மேல் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் வேறு! பாவம், கிழியாமல் என்ன செய்யும்?

முதலில் டார்ச் அடித்து ரப்பர் விளிம்பைப் பாருங்கள். வெடிப்பு இல்லையென்றால், பள்ளம் உள்ள பணிமனையில் வண்டியைச் சக்கரங்களிலேயே நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, பின்பக்கத்தை நன்றாக அழுத்தி விட்டு, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். வெடித்திருந்தால் புஷ்ஷை மாற்றத்தான் வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.