தொடர் இணைப்பில் 40 வாட் பல்பு ஏன் அதிகமாக எரிகிறது?

100 வாட், 40 வாட் குண்டு பல்புகளைத் தொடராக, அதாவது ஒரே மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிலும் பாயும்படி, இணைத்தபோது 40 வாட் பல்பு அதிகமாக எரிந்ததா? நீங்கள் இணைத்ததில் தப்பே இல்லை. இப்படி இணைத்தால் 40 வாட் பல்புதான் பளிச்சென்று எரியும்.

பல்பில் எழுதியிருக்கும் வாட், முழு 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே பொருந்தும். மின்தடையைப் பாருங்கள் (வோல்ட் × வோல்ட் ÷ வாட்): 100 வாட் பல்புக்கு 230 × 230 ÷ 100 = 529 ஓம். அதே கணக்கில் 40 வாட் பல்புக்கு 1322.5 ஓம். தொடரில் இரண்டு தடைகளும் கூடும்; இரண்டிலும் ஒரே மின்னோட்டம், 230 ÷ 1851.5 = சுமார் 0.124 ஆம்பியர். திறன் என்பது மின்னோட்டம் × மின்னோட்டம் × தடை. ஆகவே தடை அதிகமுள்ளதில்தான் திறனும் அதிகம்: 40 வாட் பல்பில் சுமார் 20 வாட், மற்றதில் 8 வாட்.

நிஜத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். மங்கலாக எரியும் 100 வாட் பல்பின் டங்ஸ்டன் இழை சூடு குறைவதால் அதன் தடையும் இறங்கிவிடும். அப்புறம், வீட்டு மின்சாரத்தில் தனியாகச் சோதிக்காதீர்கள். டார்ச் பல்பும் பேட்டரியும் போதும்.