வாசகர் கேள்வி பதில்: கடையில இல்ல, காட்டுல வீணாகுதே?

கேள்வி: கொரோனா நேரத்துல ஒரு பக்கம் கடையில சாமான் கிடைக்கல, இன்னொரு பக்கம் விவசாயிங்க பாலைக் கீழ ஊத்துறாங்க, காயை உழுது விடுறாங்கன்னு நியூஸ் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா எப்படிங்க நடந்துச்சு?

பதில்: விளைச்சல் அப்படியேதான் இருந்துச்சு, வாங்குற ஆளுதான் மாறிட்டாங்க. 2020 மார்ச் 11ல உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு சொன்ன கொஞ்ச நாள்லயே பல நாட்டுல ஹோட்டல், ஸ்கூல், கேன்டீன் எல்லாம் மூடிட்டாங்க. அங்க போற பால் பெரிய பெரிய பையில போகும், அதை வீட்டுக்கு ஏத்த மாதிரி சின்ன பாக்கெட்ல அடைக்கணும்னா வேற மெஷின், வேற லேபிள், வேற வண்டி, இதெல்லாம் ஒரே வாரத்துல ஆகுற காரியமா? மாட்டைக் கறக்காம விட்டா மடி கட்டிக்கும், அதனால கறந்துதான் ஆகணும், கறந்ததை வாங்க ஆள் இல்ல. பெல்ஜியத்துல ஏழரை லட்சம் டன் உருளைக்கிழங்கு தேங்கிப் போய், வாரத்துக்கு ரெண்டு தடவை ஃப்ரைஸ் சாப்பிடுங்கன்னு வியாபாரிங்க சங்கமே ஜனங்களைக் கேட்டுக்கிச்சு. பாடுபட்டவன் கண்ணு முன்னாடியே அழுகிப் போறத பாக்குற கொடுமை இருக்கே, அதை எந்தக் கணக்குலயும் எழுத முடியாது.

கேள்வி: கிராமத்துல சின்னதா உணவுத் தொழில் பண்றேன். மறுபடி இப்படி வந்தா என்ன பண்றது?

பதில்: மொத்த சரக்கையும் ஒரே ஹோட்டலுக்கோ ஒரே கம்பெனிக்கோ குடுக்காதீங்க, இதுதான் முதல் விஷயம். நல்லா ஓடுற காலத்துலயே கொஞ்சத்தையாவது நேரா வீடுகளுக்கு வித்துப் பழகுங்க, சின்ன பேக்கிங், அதுக்கு வேண்டிய லைசன்ஸ், வாடிக்கையாளர் போன் நம்பர் எல்லாம் இப்பவே ரெடி பண்ணி வைங்க, ஏன்னா கதவு சாத்தின பிறகு ஆரம்பிச்சா எதுவும் நடக்காது. காய வைக்கிறது, அரைச்சு வைக்கிறதுன்னு உங்க சரக்கு நாலு மாசம் தாங்குற வழி இருந்தா அதையும் கத்துக்கோங்க. கடன் இருந்தா தவணை தவறுறதுக்கு முன்னாடியே பேங்க்ல போய்ப் பேசுங்க.

அப்புறம் வேலை ஆளுங்க. 2020 ஏப்ரல்ல அறுவடைக்கு ஆள் இல்லாம ஜெர்மனிக்காரங்க ருமேனியாவுலேர்ந்து ஃபிளைட்ல கூட்டிட்டு வந்தாங்க, அவ்வளவு தட்டுப்பாடு. ஆனா பல நாட்டு இறைச்சி ஆலைகள்ல ஆளுங்களை நெருக்கி நிக்க வச்சதுல நோய் பரவி ஆலையையே மூட வேண்டியதாப் போச்சு. காய்ச்சல்னு சொன்னா கூலியப் புடிச்சுடுவாங்கன்னு பயந்து மறைச்சுக்கிட்டு வருவாங்க, அந்த பயம் உங்க இடத்துல இருக்கக் கூடாது, சம்பளத்தோட லீவு குடுங்க.