கேள்வி – பதில்: ஒளியில் தெரியும் எண்ணெய்

கேள்வி: எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில், கீழிருந்து வரும் கல்தூளை இருட்டில் ஊதா விளக்கின் அடியில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அங்கு வேலை செய்த என் தம்பி சொல்கிறான். ஒளியைக் கொண்டே எண்ணெயைக் கண்டுபிடித்துவிட முடியுமா? எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரிலும் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது. அதுவும் எண்ணெய்தானா?
– வாசகர் ஒருவர், பெரியபட்டினம்

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மை. துளையிடும்போது உள்ளே செலுத்தப்படும் சேற்றுக்குழம்பு, உடைபட்ட பாறைத் துணுக்குகளைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. அவற்றைச் சலித்துக் கழுவி, ஏறத்தாழ 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியில் வைத்தால், கச்சா எண்ணெயிலுள்ள அரோமாட்டிக் சேர்மங்கள் (வளைய வடிவில் பிணைந்த கார்பன் சேர்மங்கள்) அவ்வொளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலப்படும் நிறத்தில் ஒளிர்கின்றன. இலேசான எண்ணெய் பெரும்பாலும் நீலம் கலந்த வெண்மையாகவும், கனமான எண்ணெய் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு நிறங்களிலும் தெரியும்.

ஆயினும், ஒளிர்வு ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது பெரும் பிழையாகும். கால்சைட் போன்ற கனிமங்களும், குழாய் மரைகளில் பூசும் கிரீஸும், சேற்றில் கலந்த டீசலும்கூட ஒளிரும். ஆகவே, ஒளிர்ந்த துணுக்கைப் பீங்கான் குழித்தட்டில் இட்டு, அதன்மேல் கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எண்ணெய் இருந்தால் ஒளிரும் இழைகள் துணுக்கிலிருந்து புகைபோலக் கசிந்து கரைப்பானில் பரவும். வெறும் கனிமமானால் துணுக்கு மட்டுமே ஒளிரும், கரைப்பான் தெளிவாகவே நிற்கும். இந்தச் சிறு சோதனையைப் பொறுமையாகச் செய்பவரின் கண்ணுக்கு நான் மிகுந்த மதிப்பு அளிக்கிறேன்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் முக்கியம். காவிரிப் படுகை எனப்படும் நிலத்தடிப் படிவுப் பாறைப் பகுதியின் தென்பகுதியான இராமநாதபுரத்தில், உங்கள் ஊரிலும் வழுதூரிலும் காஞ்சிரங்குடியிலும் கிடைத்திருப்பது இயற்கை எரிவாயு. அதன் முதன்மைக் கூறான மீத்தேன் புற ஊதா ஒளியில் ஒளிராது. அதனை அறிய, சேற்றிலிருந்து பிரியும் வாயுவைத் தனிக் கருவியால் அளக்க வேண்டும். அல்லது கிணற்றுக்குள் இறக்கும் கருவியில், பாறையிலிருந்து உறிஞ்சிய திரவம் அல்லது வாயுவின் ஊடே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்த வேண்டும். எண்ணெய் 1,725 நானோமீட்டர் அருகிலும், மீத்தேன் 1,670 அருகிலும், நீர் 1,450, 1,930 அருகிலும் ஒளியை விழுங்குவதால், வருவது எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனி, உங்கள் போர்வெல் தண்ணீர். வாளியில் பிடித்து, படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே மிதந்தால், அது பெரும்பாலும் இரும்புச் சத்தும் பாக்டீரியாவும் சேர்ந்து உண்டாக்கிய படலம். உடனே மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய்தான். ஆனால் அது நிலத்தடிக் கச்சா எண்ணெயாக இருப்பதைவிட, மோட்டாரிலிருந்து கசிந்ததாகவோ அருகில் சிந்திய டீசலாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் குடிப்பதை நிறுத்திவிட்டு, தண்ணீரைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் பிடித்து நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள்.