பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கேலக்ஸிகளின் தூரத்தை வைத்து அளக்கிறார்கள் என்றால், ஏன் ஒருவர் 67 என்றும் இன்னொருவர் 73 என்றும் சொல்கிறார்கள்?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், “அவங்களுக்கே தெரியல, எல்லாம் சும்மா அடிச்சு விடுறாங்க” என்று யாரோ உங்களிடம் வம்பிழுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். நான் வானியலாளன் இல்லை, எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவன். துறையில் இருப்பவர்கள் திருத்தினால் சந்தோஷம். திட்ட மட்டும் வருபவர்கள் தயவுசெய்து முழுதாகப் படித்துவிட்டு வரவும்.

ஒரு கேலக்ஸி எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் ஹப்பிள் மாறிலி. அது 70 என்றால், தூரம் ஒரு மெகாபார்செக் (32.6 லட்சம் ஒளியாண்டு) கூடும்போதெல்லாம் விலகும் வேகம் நொடிக்கு 70 கி.மீ. கூடும். வேகம் கண்டுபிடிப்பது சுலபம். தூரம்தான் நூறு வருடமாக எல்லோர் உயிரையும் வாங்குகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அல்சூரில் இருக்கும் அக்கா மகள், ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு “வேற யாரும் செய்யாததா ஒண்ணு சொல்லுங்க மாமா” என்று வந்து நின்றாள். வானத்தையே படம்பிடித்து அலசும் ஸ்லோன் வான் ஆய்வின் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கொஞ்சம் கேலக்ஸிகளின் நிறமாலைகளை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடங்களை) எடுத்து, தெருமுனைக் கடையில் ஏ3 தாளில் பிரிண்ட் போட்டோம். கால்சியம் உண்டாக்கும் இரண்டு பள்ளங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒருமுறை காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் அடையாளம் தெரிந்துவிடும். அதில் முதல் பள்ளம் ஆய்வகத்தில் 393.4 நானோமீட்டரில் இருக்க வேண்டியது. கேலக்ஸி விலகிப் போனால் அது நீண்ட அலைநீளப் பக்கம் தள்ளிப்போகும். ஒரு கேலக்ஸியில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், 400.6-இல் இருந்தது. வித்தியாசத்தை 393.4-ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 5,500 கி.மீ. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே வேகம் வந்துவிட்டது!

தூரத்துக்கு எங்களிடம் என்ன இருக்கிறது? ஒரே வகைக் கேலக்ஸிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு என்று வைத்துக்கொண்டோம். வானத்தில் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரம். கல்லூரி ஆய்வகங்களிலும் இப்படித்தான் செய்யவைப்பார்கள். புள்ளிகள் சிதறினாலும் நடுவே கோடு போட முடிந்தது. தூரத்துக்கு எதிரே வேகத்தைப் போட்ட அந்தக் கோட்டின் சாய்வுதான் ஹப்பிள் மாறிலி, எங்களுக்கு வந்தது 58.

கண்காட்சியில் நடுவர் வந்து போனைப் பார்த்தார். “இதுல 70னு போட்டிருக்கே, உனக்கு ஏன் 58? எங்கே தப்பு?” அவள், “தப்பு இல்ல மேடம், நாங்க வெச்சுக்கிட்ட சைஸ் கொஞ்சம் பெரிசு. சைஸைக் குறைச்சா தூரம் குறையும், நம்பர் ஏறும்” என்றாள். இதைவிடச் சரியான பதிலை யார் சொல்லிவிட முடியும்? பரிசு ஒரு எரிமலைக்குப் போனது. கடையில் ரெடிமேடாக வாங்கி, அடியில் எல்ஈடி சுற்றிய எரிமலை. விலை ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை. பெற்றோர் பர்ஸுக்குத்தான் பரிசு என்றால் பிள்ளைகளை எதற்கு யூனிஃபார்ம் போட்டு நிற்கவைக்க வேண்டும்? அதே பள்ளி கண்காட்சிக்கென்று தனியாகக் கட்டணமும் வாங்கியது. சரி, அதை விடுங்கள்.

அந்த நடுவரிடம், மாறிலிக்குப் பேர் கொடுத்த வானியலாளர் ஹப்பிளே வந்திருந்தாலும் தேறியிருக்க மாட்டார். 1929-இல் அவருக்கு வந்தது ஏறத்தாழ 500. அவ்வளவு வேகம் என்றால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுக்குள் அடங்கிவிடும், பூமியின் பாறைகளோ அதைவிடப் பழசு. அவர் நம்பியது செஃபீட் என்ற துடிக்கும் விண்மீன்களை. துடிப்பு எவ்வளவு மெதுவோ அவ்வளவு பிரகாசம் என்று வானியலாளர் ஹென்றியட்டா லெவிட் 1912-லேயே காட்டியிருந்தார். நிஜப் பிரகாசம் தெரிந்தால், எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். ஆனால் அவற்றில் இரண்டு ரகம் உண்டு என்று 1952-இல் வானியலாளர் வால்டர் பாடே அறிவித்ததும் பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவின் தூரம் இரண்டு மடங்கானது, மாறிலி பாதியானது. படிக்கல்லே எடை குறைவு என்றால் அதுவரை நிறுத்துக் கொடுத்தது எல்லாமே திரும்ப நிறுக்க வேண்டியதுதானே. பிறகு வானியலாளர்களில் சாண்டேஜ் 50 பக்கம், டி வோகுலர் 100 பக்கம் என்று பல வருடம் சண்டை. 2001-இல் ஹப்பிள் தொலைநோக்கியை வைத்து வெண்டி ஃப்ரீட்மன் குழு 72 என்றது, கூட்டிக் குறைக்க 8.

இப்போது உங்கள் 67-க்கும் 73-க்கும் வருகிறேன். 73 என்பது கேலக்ஸித் தூரத்திலிருந்து வருவது. பக்கத்துச் செஃபீடுகளை இடமாறு தோற்றத்தால் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் லேசாக இடம் மாறித் தெரிவதை வைத்து) அளந்து, அதை வைத்து வேறு கேலக்ஸிகளின் செஃபீடுகள், அங்கே வெடித்த ஒன்றுஏ வகை சூப்பர்நோவாக்கள் (ஏறத்தாழ ஒரே உச்சப் பிரகாசம் கொண்ட விண்மீன் வெடிப்புகள்), அப்புறம் இன்னும் தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் என்று படிப்படியாக ஏறுவது. ஆடம் ரீஸ் குழு 2022-இல் சொன்னது 73.04, பிழை 1.04. 67 வருவது வேறு வழி. பிளாங்க் செயற்கைக்கோள் பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளியைப் பார்த்தது. அதிலிருந்து, பிரபஞ்சம் எப்படி வளர்ந்தது என்று சொல்லும் கோட்பாட்டு மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டால், இன்றைய வேகம் 67.4 இருக்க வேண்டும், பிழை 0.5. ஒன்று அளந்தது, இன்னொன்று கணித்தது. செஃபீடை விட்டுவிட்டுச் சிவப்பு ராட்சத விண்மீன்களை வைத்து 2019-இல் ஃப்ரீட்மன் குழு அளந்தபோது 69.8 வந்து நடுவே உட்கார்ந்துகொண்டது. பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்துதான் செஃபீட் அளவு கெட்டுவிட்டதோ என்ற சந்தேகமும் இருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் பார்த்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. தூரத்தில் இன்னும் ஒளிந்திருக்கும் பிழையா, மாதிரியில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறதா என்பதில்தான் இப்போதைய சண்டை. விரிகிறதா இல்லையா என்பதில் இல்லை. இதை அந்த ஆளிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

நீங்களே செய்து பார்ப்பதானால் ரொம்பப் பக்கத்துக் கேலக்ஸிகளை எடுக்காதீர்கள். அவை ஒன்றையொன்று ஈர்க்கும் வேகம் விரிவின் வேகத்தோடு கலந்துவிடும், ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கியே வருகிறது. நொடிக்கு சில ஆயிரம் கி.மீ. விலகுபவற்றை எடுத்தால் கோடு ஓரளவு ஒழுங்காக விழும்.