படிக்காத பேப்பரை மேற்கோள் காட்டலாமா?

கேள்வி: மேடம், நான் பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்கிறேன், இது மூன்றாம் வருடம். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் வாங்கும் குழுக்கடன் பற்றிய ஆய்வு. லிட்டரேச்சர் ரிவியூவில் நூற்றைம்பது பேப்பராவது இருக்க வேண்டும் என்கிறார் கைடு. சீனியர் அக்கா ஒருவர் தன் தீசிஸில் இருந்த பட்டியலை அப்படியே அனுப்பி, “இதிலிருந்து எடுத்துப் போட்டுக்கோ, எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க” என்கிறார். படிக்காததைப் படித்த மாதிரி போடுவது உறுத்துகிறது. என் அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். “நீ எழுதுறத யாரும்மா படிக்கப் போறா?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஆய்வுக் கட்டுரைகளால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

படிக்காத பேப்பரைப் போடாதீர்கள். உங்கள் உறுத்தல் சரியானதுதான். அது ஏன் சரி என்று சொல்வதற்கு முன், அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

பல வீட்டு ஃப்ரிட்ஜுகளில் ‘சிஎஃப்சி இல்லாதது’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மூலம் 1974 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வந்த மூன்று பக்கக் கட்டுரை. ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் இருந்த அந்த வாயு மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். அதைத் தயாரித்த கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன. 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆகவே மாறுகிறது என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் கட்டுரை சரியாக இருந்தால்தான் செல்வாக்குப் பெறும் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பான கணக்கும் அதே வேகத்தில் ஊர் சுற்றும். நீங்கள் பொருளாதார மாணவி என்பதால் நம் துறையில் நடந்ததையே சொல்கிறேன்.

2010-இல் அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் ‘கடன் காலத்தில் வளர்ச்சி’ என்ற பொருளில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ந்த நாடுகளில் அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால், சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது என்பது அதிலிருந்த பிரபலமான வரி. வந்த நேரம் அப்படி. 2008 நெருக்கடிக்குப் பிறகு எல்லா அரசுகளும் கடனில் நிற்கின்றன, கிரீஸ் மூழ்கிக்கொண்டிருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தவர்களுக்கு ஓர் எண் கையில் கிடைத்தது. பிரிட்டனில், பிறகு நிதியமைச்சரான ஜார்ஜ் ஆஸ்போர்ன் தன் உரையில் இந்த இருவரைக் காட்டினார். அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் பால் ரயன் கொண்டுவந்த பட்ஜெட் அறிக்கை இதை உறுதியான ஆதாரம் என்றது. ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரென் 90 சதவீதத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டுரைக்குள் இருந்த எச்சரிக்கைகளும் தயக்கங்களும் வழியிலேயே உதிர்ந்துபோய், 90 என்ற எண் மட்டும் மிஞ்சியது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்று ஒரு முனைவர் பட்ட மாணவர் இருந்தார். பிரபலமான ஒரு கட்டுரையை எடுத்து அதன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் வேலை கொடுத்தார்கள். அவர் எடுத்தது இந்தக் கட்டுரை. எவ்வளவு முயன்றும் அதே விடை வரவில்லை. தவறு தன்னுடையதுதான் என்றே அவர் நினைத்தார். கடைசியில் ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். ரைன்ஹார்ட் தன் எக்ஸெல் ஷீட்டை அனுப்பி வைத்தார்.

அந்த ஷீட்டைத் திறந்து சராசரிக்கான கட்டத்தைச் சொடுக்கினால், ஃபார்முலா 30-ஆவது வரிசையில் தொடங்கி 44-ஆவதில் நின்றுவிடுகிறது. 49 வரை போயிருக்க வேண்டும். விடுபட்ட வரிசைகளில் இருந்தவை ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். இவற்றில் பெல்ஜியம் 25 வருடம் 90 சதவீதத்துக்கு மேல் கடன் வைத்துக்கொண்டே சராசரியாக 2.6 சதவீதம் வளர்ந்த நாடு.

எக்ஸெல் பிழைதான் பத்திரிகைகளில் அடிபட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது எடை போட்ட விதம். பிரிட்டன் 19 வருடம் அந்தக் கடன் நிலையில் இருந்தது, சராசரி வளர்ச்சி 2.4 சதவீதம். நியூசிலாந்துக்குக் கணக்கில் இருந்தது 1951 என்ற ஒரே வருடம், வளர்ச்சி மைனஸ் 7.6. அதற்கு முந்தைய, பெரும்பாலும் நன்றாக வளர்ந்த வருடங்கள் சேர்க்கப்படவில்லை. ஆனால் சராசரியில் அந்த ஒற்றை வருடத்துக்கும் பிரிட்டனின் 19 வருடத்துக்கும் ஒரே மதிப்பு. எல்லாவற்றையும் சரிசெய்து 2013 ஏப்ரலில் ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொலின் இருவரும் வெளியிட்ட விடை: மைனஸ் 0.1 இல்லை, பிளஸ் 2.2.

இதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எதிர்த்தரப்பினர் “மொத்தமும் பொய், கடனுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை” என்று கிளம்பினார்கள். திருத்திய அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. கடன் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது வளர்ச்சி 4.2, 60-இலிருந்து 90 வரை 3.2, அதற்கு மேல் 2.2. மெதுவாக இறங்கத்தான் செய்கிறது. இல்லாமல் போனது 90-இல் இருந்த அந்தச் செங்குத்துப் பள்ளம் மட்டும்தான். அப்புறம், கடன் வளர்ச்சியைக் குறைக்கிறதா, வளர்ச்சி குறைவதால் கடன் விகிதம் ஏறுகிறதா என்ற கேள்வி இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. ரைன்ஹார்டும் ரோகாஃபும் எக்ஸெல் பிழையை ஒப்புக்கொண்டார்கள், மற்றவற்றில் தங்கள் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இதையெல்லாம் முழுதாகப் படித்துவிட்டு வாதாடியவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு. மேற்கோளுக்கு மேற்கோள் என்றே சண்டை நடந்தது.

உங்கள் சீனியர் அக்காவின் பட்டியலுக்கு வருகிறேன். அவர் உங்களுக்கு உதவியாகத்தான் அனுப்பினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு மருத்துவத் துறையில் ஓர் உதாரணம் இருக்கிறது. அதை நினைத்தாலே எனக்கு மனசு கனக்கும்.

1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தபோது ஓபியாய்டு வகை வலி மருந்து கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாமல் இருந்து புதிதாக அடிமையானவர்கள் என்று பதிவானவர்கள் நான்கு பேர். அவ்வளவுதான் அதில் இருந்தது. எத்தனை நாள் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது, எதுவும் இல்லை. கடிதம் என்ற அளவில் அதில் தப்பு ஏதும் இல்லை.

ஆனால் ஒருவர் காட்டியதைப் பார்த்து அடுத்தவர் காட்ட, அந்தக் கடிதம் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து விரிவான ஆய்வாக வளர்ந்துவிட்டது. ‘ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்’ என்ற விவரம் கழன்றுபோனது. 1996-இல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தபோது, அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். முதுகுவலிக்காரர்களுக்கு மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். 2017-இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். மொத்தம் 608. அதில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டின. 491 கட்டுரைகள் அவர்கள் ஆஸ்பத்திரி நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. ஐந்து வாக்கியம்! படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. படித்திருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது. 1999-இலிருந்து 2021 வரை ஓபியாய்டு அளவுமீறி அமெரிக்காவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 6,45,000 பேர். எல்லாம் அந்தக் கடிதத்தால் என்று சொல்ல மாட்டேன். மருந்துக் கம்பெனியின் பேராசை இருக்கிறது, கள்ளச்சந்தை இருக்கிறது. ஆக்சிகான்டினைத் தயாரித்த பர்ட்யூ கம்பெனி 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் அவர்களுக்கு அறிவியலின் சட்டையைப் போட்டுவிட்டவர்கள், படிக்காமல் பட்டியலை நகலெடுத்தவர்கள்தான்.

“எல்லாரும் இப்படித்தான்” என்பதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மிகைல் சிம்கின், வாணி ராய்சௌத்ரி இருவரும் ஒரு வேலை செய்தார்கள். புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றை மேற்கோள் காட்டிய 4,300 இடங்களை எடுத்து, பக்க எண், தொகுதி எண்ணில் அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார்கள். 196 இடத்தில் பிழை. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45 மட்டும்தான். ஒரே பக்க எண் பிழை 78 முறை வந்திருந்தது. 78 பேர் தனித்தனியாக ஒரே தப்பைச் செய்ய வாய்ப்பில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அது மதிப்பீடுதான். இருந்தாலும் காப்பி அடித்தவனைப் பிழையை வைத்துப் பிடிப்பது நம் ஊர் வாத்தியார்களுக்கும் தெரிந்த வழிதானே!

சரி, உங்கள் ஆய்வில் என்ன செய்யலாம்?

குழுக்கடன் தலைப்பு என்பதால் அக்காவின் பட்டியலில் மார்க் பிட், ஷாஹிதுர் கண்ட்கர் 1998-இல் எழுதியது கண்டிப்பாக இருக்கும். வங்கதேசத்தில் பெண்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு 100 டாகா கடனுக்கும் குடும்பத்தின் நுகர்வு 18 டாகா கூடுகிறது, ஆண்களுக்குக் கொடுத்தால் 11தான் என்று சொன்ன கட்டுரை. பெண்களுக்குக் கடன் கொடுத்தால் வறுமை ஒழியும் என்று மேடைகளில் பேசியவர்களுக்கு அது பெரிய பலம். பிறகு டேவிட் ரூட்மேனும் ஜொனாதன் மோர்டக்கும் அதே தரவை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். மற்றவற்றிலிருந்து ரொம்பவும் விலகி நின்ற சில குடும்பங்களை நீக்கினால் அந்தப் பலன் காணாமல் போகிறது என்றார்கள். பிட் இதை ஏற்கவில்லை, நீண்ட வாதம் நடந்தது. ஹைதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு செய்த பரிசோதனையிலும் குடும்பத்தின் மொத்த நுகர்வில் குறிப்பிடத்தக்க உயர்வு தெரியவில்லை. 1998 கட்டுரையை மட்டும் ஒரு வரியில் போட்டுவிட்டுப் போனால், இவ்வளவு பெரிய விவாதம் உங்கள் தீசிஸில் இருக்காது. வைவாவில் யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் சங்கடம் உங்களுக்குத்தான்.

எனவே 150-ஐ விடுங்கள். ஆய்வு நிஜமாகவே சாய்ந்து நிற்கும் முப்பது நாற்பது கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து முழுதாகப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த வருடம், எத்தனை பேர், யாரை விட்டுவிட்டார்கள், ஆசிரியரே சொல்லும் தயக்கம் என்ன. மூலம் கிடைக்காமல் இன்னொருவர் வழியாகத்தான் தெரியும் என்றால், ‘இன்னாரின் கட்டுரையில் காட்டியபடி’ என்று எழுதிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ திட்டத்தில் ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள் வருகின்றன. நூலகரைப் பார்த்து லாகின் கேளுங்கள்.

கைடிடம் “150 முடியாது” என்று போய் நிற்காதீர்கள். முதல் பத்துக் கட்டுரைக்கான அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். “சார், பிட்–கண்ட்கருக்கு மறுப்பு வந்திருக்கிறது, அதைச் சேர்த்து எழுதட்டுமா?” என்று கேளுங்கள். நல்ல கைடாக இருந்தால் எண்ணிக்கையை அதற்குப் பிறகு பேச மாட்டார். எண்ணிக்கைதான் வேண்டும் என்று நின்றால், மீதியைத் தலைப்பும் சுருக்கமும் படித்து, பொதுவான பின்னணி என்ற இடத்தில் மட்டும் வையுங்கள். உங்கள் முடிவுகளுக்கு ஆதாரமாக அவற்றைக் காட்டாதீர்கள்.

அப்பாவுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. உங்கள் தீசிஸ் முடிந்ததும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் ஏறும். நாளைக்கு பீடித் தொழிலாளர் கடன் பற்றி எழுத வரும் இன்னொரு பிள்ளை அதைத்தான் முதலில் திறப்பாள். உங்கள் அட்டவணையை எடுப்பாள், உங்கள் பட்டியலையும் எடுப்பாள். ஒரு பத்திரிகைக்காரர் உங்கள் எண்ணைச் செய்தியில் போடலாம். கூட்டத்தில் ஓர் அதிகாரி அதைப் படிக்கலாம். அந்தப் பெண்களிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள், எத்தனை பேரிடம் கேட்டீர்கள், பீடிக் கம்பெனி அட்டை இல்லாதவர்களைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதையெல்லாம் அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். முன்னுரையில் மட்டும் எழுதினால் அட்டவணை தனியாகப் பயணம் போகும்போது கூட வராது.

நேரம் இருந்தால், நீங்கள் அதிகம் நம்பும் கட்டுரையின் ஒரே ஓர் அட்டவணையை நீங்களே திரும்பப் போட்டுப் பாருங்கள். தரவு பொதுவில் இல்லையென்றால் ஆசிரியருக்கு மெயில் அனுப்புங்கள். நீங்கள் யார், எந்த அட்டவணை, எந்தக் கோப்பு வேண்டும், எதற்காக, இந்த நாலு விஷயம் போதும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள், கைடுக்கும் ஒரு நகல் போகட்டும்.