சேலத்திலிருந்து கார் இல்லாமல் பஸ்ஸிலேயே ஏற்காடு போய், காட்டுப் பக்கம் நடந்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?

முடியும். தாராளமாக முடியும்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்த கடுப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். ஒருவர் வாடகைக் கார் எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் பைக் இல்லாவிட்டால் ஏற்காடே வேஸ்ட் என்கிறார். எங்கள் வீட்டில் காரும் இல்லை, பைக்கும் இல்லை. கணவருக்கு ஓட்டத் தெரியாது, எனக்கு ஓட்ட ஆசையில்லை. ஆனாலும் அந்த மலையில் நாங்கள் நடக்காத ஊர்ப்பாதை குறைவு. நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், "வண்டி இல்லாம எங்க போறது" என்று உங்கள் வீட்டிலும் யாரோ சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுங்கள். அஸ்தம்பட்டியிலும் கோரிமேட்டிலும் நிற்கும்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏறினால் மலை உச்சி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று சண்டை வேண்டாம், வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறிக்கொண்டே வரும். குமட்டல் வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள்.

"மலைப்பாதையில் பஸ்ஸும்தானே கவிழ்கிறது" என்று யாராவது வருவார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு பஸ் அந்த வளைவுகளில் உருண்டு உயிர்கள் போனது உண்மை, நான் மறைக்கவில்லை. அதற்காக, சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர் வாடகைக் காரை இரண்டாம் கியரில் திணறடித்துக்கொண்டு ஏறுவது பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இப்போது நடை. போன வருடம் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கையில் மடக்குக் குச்சி, முதுகில் தண்ணீர்க் குழாய் வைத்த பை. "சித்தி, பஸ்ல போற இடத்துல என்ன ட்ரெக்கிங்?" என்றான். சரி வா என்று கூட்டிப் போனேன். ஏரிப் பக்கம் கூட்டமாக இருந்தது, நிற்கவே இல்லை. ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு சேர்வராயன் கோயிலை நோக்கி நடந்தோம். தார் ரோடுதான், சிரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், மேலே நிழலுக்கு சில்வர் ஓக், அந்த மரங்களில் சுற்றிக்கொண்டு ஏறும் மிளகுக்கொடி. கோடை மழை ஒன்று விழுந்து சில நாள் ஆகியிருந்தது. காப்பிச் செடியின் கிளை முழுக்க, இலை தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. மல்லிகை வாசம், ஆனால் தலைக்கு ஏறாத வாசம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது என்று அவனிடம் சொன்னேன். அவன் பூவைப் படம் பிடிப்பதிலேயே இருந்தான்.

ஒரு திருப்பத்தில் பனி இறங்கி எதிரே எதுவும் தெரியவில்லை. விலகியபோது தோட்டத்து ஓரம் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை சாக்ஸ் மாட்டியது போல. வாய் அசைந்துகொண்டே இருந்தது, கண் மட்டும் எங்கள் மேல். இவன் போனைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான். பின்னாலிருந்து ஒரு குரல்: "தம்பி, நில்லுங்க. கூட்டமா இருந்தா அதுபாட்டுக்குப் போயிரும். ஒத்தையா நிக்கிறதுதான் மொறைக்கும்." தலையில் விறகுக் கட்டோடு தோட்டத்தில் வேலை செய்கிற அம்மா. என்னைப் பார்த்து, "அக்கா, புள்ளைய இந்தப் பக்கம் இழுத்துக்கங்க" என்றார். இழுத்துக்கொண்டேன். நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நிற்க, அது சாவகாசமாக மென்று முடித்து, வேலிக் கம்பியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் சரிவில் இறங்கிப் போனது. அதே நேரம் பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது, நாங்கள் வழியை மறிக்கிறோமாம். உள்ளே இருந்தவர்கள் எருமையின் வாலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கோயில் 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே வந்தால் புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளும். அதன் பிறகு அந்தப் பையன் குச்சியை மடக்கிப் பையில் வைத்துவிட்டான்.

வண்டி வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. முடியாதவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள் காரில்தான் போக வேண்டும். வண்டி இல்லாதவர்களை ஊர் நடத்தும் விதம்தான் எரிச்சல். கல்யாண மண்டபங்களையே பாருங்கள். முன்பு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் முகூர்த்தம் நடக்கும். இப்போது எல்லாம் பைபாஸ் ஓரம், "விசாலமான கார் பார்க்கிங் வசதியுடன்". விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவையோடு பைபாஸில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டி உள்ளே போனால், வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் கேட்பார்: "எதுல வந்தீங்க?" சரி, இது உங்கள் கேள்வி இல்லை. விடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்காட்டில் காடு மாதிரி தெரிவதெல்லாம் காடு இல்லை. மரம் வரிசையாக இருந்து மிளகுக்கொடி ஏறியிருந்தால் அது ஒருவருடைய எஸ்டேட், கேட்காமல் நுழையக் கூடாது. சரிவுகளில் இருப்பது காப்புக்காடு, அங்கே அனுமதி வேண்டும். இது வெட்டிச் சட்டம் என்று சொல்பவர்களுக்கு: 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ரோட்டிலும் ஊர்ப்பாதையிலும் நடக்க யாரையும் கேட்க வேண்டாம். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி மாதிரி ஊர்களுக்கு ஏற்காட்டிலிருந்தே பஸ் உண்டு. ஒரு வழி பஸ், மறு வழி நடை என்று வைத்துக்கொண்டால் முட்டிக்கும் நல்லது.

நிஜமான காட்டுக்குள்தான் போக வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். 14 மாவட்டங்களில் 40 பாதைகள், கூடவே வழிகாட்டி வருவார். நம் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர் ஏறும் பாதை அதில் இருக்கிறது. தொடங்கும் இடம் மலையடிவாரம், டவுனிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். கட்டணம் அதிகம் என்று எனக்கும் குறை உண்டு. தீக்காலத்தில், அதாவது பிப்ரவரி பாதியிலிருந்து இரண்டு மாதம், மூடிவிடுவார்கள்.

திரும்புவதற்குக் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். போகும்போதே கண்டக்டரிடம் நேரம் கேட்டு, கடைசிக்கு முந்தைய பஸ்ஸுக்கு வந்து நில்லுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் அதுவும் பிதுங்கி வழியும்.

கிளியூர் அருவி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏரியிலிருந்து 3 கிலோமீட்டர், நடக்கலாம். மழைக்குப் பிறகு போங்கள், கோடையில் வெறும் பாறைதான். இறங்குகிற படிகள் அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும் என்பதால் அதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.